ராஜா சாண்டோ: ஊமைப்பட உலகில் ஒரு தமிழ் நடிகர்

மண்டபத்திலிருந்து கீழ்த்திசை நோக்கிப் பாம்பன் பாலத்தைக் கடந்து தனுஷ்கோடி முனைக்குச் செல்வோர், மணலிடையே மேற்கூரையற்று நிற்கும் மாதாகோவிற் சுவர்களையும், புகைவண்டி நிலையத்தின் இடிந்த எச்சங்களையும் கண்டு சிறிது நேரம் வாய்பேசாது நிற்பது வழக்கம். 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துப் பெரும்புயல் அவ்வூரை ஓர் இரவில் வாரிக்கொண்டு போயிற்று. எஞ்சிய நாலைந்து சுவர்களைக் கொண்டே அங்கு வாழ்ந்த ஊரை நாம் மனத்திற் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இவ்வியாசத்திற் கூறப்புகும் நடிகரின் சரித்திரமும் ஏறக்குறைய அத்தகையதே. ஒரு காலத்தில் இந்தியா முழுவதும் கண்டு மகிழ்ந்த அவர்தம் நடிப்பில் நமக்குக் கிடைப்பன படங்களின் பெயர்களும், விளம்பரங்களும், சில புகைப்படங்களுமே. எனினும் அச்சுவர்களைக் கொண்டு ஊரை அறிவது போல, இவற்றைக் கொண்டு அந்நடிகரை அறிய முயல்வோம்.

அவர் நமக்கு அயலாரல்லர். நமது இராமநாதபுரச் சீமையின் வட எல்லையை அடுத்திருந்த புதுக்கோட்டை சமஸ்தானத்திற் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் நாகலிங்கம். உலகம் அவரை அறிந்த பெயர் ராஜா சாண்டோ.

ஊமைப்படம் என்பது யாது?

இன்றைய மாணவர் பலர் ஊமைப்படம் ஒன்றையேனும் முழுவதும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆதலின் அதன் இயல்பைச் சிறிது கூறுதல் அவசியமாகிறது. புகைப்படங்களை ஒரு நீண்ட சுருளில் அடுத்தடுத்துப் பதிந்து, விளக்கொளியின் முன் விரைவாக ஓடவிட்டால், கண்ணானது அவற்றைத் தனித்தனியே பிரித்தறியாது, ஒரே அசைவாகக் கொள்ளும். இவ்வளவே அதன் தத்துவம். ஒலி அதிற் பதிவாவதில்லை. கதாபாத்திரங்கள் பேச வேண்டியதை இடையிடையே எழுத்துக்களாகத் திரையிற் காட்டுவர். நம் நாட்டில் ஒரே காட்சியில் இரண்டு மூன்று மொழிகளில் அவ்வெழுத்துக்கள் தோன்றுவதுண்டு. எழுத்தறியாதாரே கூட்டத்தில் மிகுந்திருந்தமையால், திரையருகே ஒருவர் நின்று அவற்றை உரக்கப் படித்துக் கதையையும் விளக்குவார். ஆர்மோனியமும் தபலாவும் பக்கத்தில் முழங்கும். ஆகவே ஊமைப்படம் ஓடிய கொட்டகை ஒருநாளும் ஊமையாக இருந்ததில்லை.

தென்னாட்டில் இக்கலையை ஊர்தோறும் கொண்டு சென்றவருள் முதல்வராகக் கூறத்தக்கவர் சாமிக்கண்ணு வின்ஸென்ட். திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய ரெயில்வேயில் எழுத்தராயிருந்த அவர், 1905ஆம் ஆண்டில், இலங்கையிற் படங்காட்டிவிட்டு அங்கு வந்திருந்த டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். அச்சுருள்களுள் கிறிஸ்துநாதரின் வாழ்க்கையைக் காட்டுவதும் ஒன்று. வேலையை விட்டுவிட்டுக் கூடாரம் அடித்துப் படங்காட்டிய அவரைத் தொடர்ந்து கூடாரக் கொட்டகைகள் பல தோன்றின.

அக்கூடாரங்களில் ஓடிய படங்களிற் பெரும்பாலானவை அமெரிக்க நாட்டிலிருந்து வந்தவை. மதிலேறித் தாவும் டக்ளஸ் பேர்பாங்க்ஸும், தொடர்படங்களில் எதிரிகளைப் புரட்டியெடுத்த எட்டி போலோவும் நம்மூர்ச் சிறுவர்க்கும் பழகிய முகங்களாயினர். சென்னை வழக்கறிஞராகிய டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927இல் அமைந்து 1928இல் அறிக்கையளித்த சினிமாக் கமிட்டியும், நாட்டில் ஓடும் படங்களுள் அயல்நாட்டுப் படங்களே மிக்கிருந்தமையை எடுத்துக் காட்டிற்று.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். மொழியற்ற படத்திற்கு நாட்டெல்லை இல்லை. அமெரிக்க நடிகன் ஒரு சொல்லும் கூறாது தமிழ்ச் சிறுவனின் உள்ளத்தைக் கவர முடியுமானால், தமிழன் ஒருவன் குஜராத்தி மக்களின் உள்ளத்தையும் பஞ்சாபியர் உள்ளத்தையும் கவர்தல் ஏன் இயலாது? நாகலிங்கத்தின் வாழ்க்கை அவ்வினாவிற்கு விடையாக அமைந்தது.

பெயரும் தேகமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டிற் பிறந்த நாகலிங்கம், இளமையிலேயே தேகப் பயிற்சியில் ஈடுபட்டுத் தேர்ச்சி பெற்றவர். பிரஷ்ய நாட்டிற் பிறந்த யூஜன் சாண்டோ என்பார் தேக வலிமையை ஒரு சாஸ்திரமாகவும் கலையாகவும் உலகிற்குக் காட்டிப் பெரும்புகழ் எய்தியிருந்த காலம் அது. அவர் இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிற்கும் வந்து தம் வித்தைகளைக் காட்டிச் சென்றார். அதன்பின் நம் நாட்டில் மார்பு விரிந்து தோள் திரண்ட வீரர்க்குச் 'சாண்டோ' என்பது ஒரு பட்டமாகவே வழங்கலாயிற்று. பிற்காலத்திற் படத்தயாரிப்பாளராய் விளங்கிய கோயமுத்தூர் சின்னப்பா தேவருக்கும் இப்பட்டம் உண்டென்பது யாவரும் அறிந்ததே. நாகலிங்கமும் அவ்வாறே ராஜா சாண்டோ ஆனார்.

படத்தொழிலின் தலைநகரம் அன்று பம்பாய். தாதா சாகேப் பால்கே 1913இல் 'ராஜா ஹரிச்சந்திரா'வைக் காட்டியது முதல் அந்நகரிற் கம்பெனிகள் பல கிளைத்திருந்தன. சென்னையிலோ, ஆர். நடராஜ முதலியார் 'கீசக வதம்' என்னும் படத்தை எடுத்துத் தென்னாட்டுப் படத்தொழிலுக்குக் கால்கோள் செய்திருந்தும், சில ஆண்டுகளில் அவரது முயற்சி நின்றுபோயிற்று. ஆகவே திறமும் ஆசையும் உள்ள ஒரு தமிழ் இளைஞன் பம்பாய் செல்லுதல் இயல்பே. ராஜா சாண்டோ அங்கே எஸ். என். பட்டாங்கரின் நேஷனல் பிலிம் கம்பெனியில், சாகசக் காட்சிகளில் தோன்றும் நடிகராகச் சேர்ந்தார். 1922இல் வந்த 'பக்த போதனா', 1923இல் வந்த 'வீர பீம்சேன்' ஆகியவை அவர் தொடக்கக் காலப் படங்கள். பாரதத்து வீமனின் கதைக்கு அத்தேகம் எவ்வளவு பொருத்தம் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

சாகசத்திலிருந்து சமூகக் கதைக்கு

தோள்வலி மாத்திரமே அவரிடம் இருந்திருப்பின், அக்காலத்து எத்தனையோ மல்லர்களுள் ஒருவராய் அவர் மறைந்திருப்பார். புராணக் கதைகளும் வீரக் கதைகளுமே மலிந்திருந்த இடத்தில், ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதியில் ஒரு மாறுதல் தோன்றிற்று. அலுவலகத்தில் தட்டெழுத்து அடிக்கும் பெண், தொலைபேசி நிலையத்தில் வேலை செய்யும் பெண், கற்றறிந்த மனைவி என்று, தெருவிற் காணும் மாந்தர் திரையிற் புகுந்தனர். 1926இல் ஹோமி மாஸ்டர் எடுத்த 'டெலிபோன் கேர்ல்', அதே ஆண்டில் சந்துலால் ஷா எடுத்த 'டைப்பிஸ்ட் கேர்ல்', 1927இல் வந்த 'குணசுந்தரி' ஆகிய படங்கள் இம்மாறுதலுக்கு எடுத்துக்காட்டுக்கள். இவையனைத்திலும் ராஜா சாண்டோ நடித்தார். சுலோசனா, கோஹர் என்னும் அந்நாளைய முதன்மை நடிகைகள் அவருடன் நடித்தனர்.

'குணசுந்தரி'யின் கதை நோக்கத்தக்கது. வீட்டு வேலையே கதியென்றிருக்கும் உத்தமியான மனைவி. அவளிடம் சலிப்புற்று வெளியே இன்பம் தேடும் கணவன். அவள் தன்னை மாற்றிக்கொண்டு வெளியுலகிற் காலடி எடுத்துவைத்து அவனைத் திரும்பப் பெறுகிறாள். இத்தகைய கதையில் மதிலேறிக் குதிப்பதற்கு இடமில்லை. கண்ணும் புருவமும், கை எடுக்கும் விதமும், வாயிற்படியில் நின்று தயங்கும் நிலையுமே பேச வேண்டும். வலிய தேகத்தை அடக்கி ஆளவும் தெரிந்தவருக்கே அவ்வேடம் கிட்டும். அத்தகைய படங்களில் அவரை ஒன்றன்பின் ஒன்றாய் அமர்த்தினர். பிள்ளைகள் கைதட்டும் மல்லனாய்த் தொடங்கியவர், பெரியோர் கண்டு சிந்திக்கும் கதாநாயகரானது இவ்வாறே. இருபதுகள் முடியுமுன் அவர் படங்களை டைரக்ட் செய்யவும் தொடங்கிவிட்டார்.

சென்னை மீண்டமை

பம்பாயிற் பெயரும் தொழிலறிவும் பெற்ற அவரை, சென்னையில் அசோசியேட்டட் பிலிம்ஸ் என்னும் கம்பெனியை நிறுவிய ஆர். பத்மநாபன் அழைத்தார். 1930, 1931ஆம் ஆண்டுகளில் அக்கம்பெனி எடுத்த 'பேயும் பெண்ணும்', 'நந்தனார்', 'அநாதைப் பெண்' முதலிய ஊமைப்படங்கள் ராஜா சாண்டோவின் டைரக்ஷனில் உருவாயின. இவற்றுள் 'அநாதைப் பெண்' வை. மு. கோதைநாயகி அம்மாளின் நாவலைத் தழுவியது. தமிழ்ப் பெண்மணி ஒருவர் எழுதிய சமகாலக் கதை, பேச்சே இல்லாத திரையில் ஏறியது அன்றைக்கு ஒரு புதுமை. 'நந்தனார்' சரித்திரமோ, தீண்டாமை பற்றி நாடெங்கும் விவாதம் எழுந்திருந்த நாளில் திரைக்கு வந்தது. பம்பாயில் அவர் கற்ற சமூகப் பட முறை இங்ஙனம் தமிழ்நாட்டு விஷயங்களுக்குப் பயன்பட்டது.

இக்கம்பெனியில் அவருடன் உழைத்தவருள் ஒருவர், வழக்கறிஞர் தொழிலைக் கற்றவராகிய கே. சுப்பிரமணியம். 'பேயும் பெண்ணும்' படத்திற்குக் கதையமைப்பு எழுதித் தொழில் பழகிய அவரே பின்னர் 'பாலயோகினி', 'சேவாசதனம்', 'தியாகபூமி' என்னும் சீர்திருத்தப் படங்களைத் தந்தவர். ஊமைப்படத்தின் ஆயுள் குறுகியதாயினும், அது ஒரு பயிற்சிச்சாலையாய் இருந்து அடுத்த தலைமுறைக்கு ஆசிரியர்களைத் தந்தது என்பதற்கு இது சான்று.

திரை வாய்திறந்தபோது

1931ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பம்பாயில் 'ஆலம் ஆரா' என்னும் ஹிந்திப் பேசும்படமும், அக்டோபர் மாத இறுதியிற் சென்னையிற் 'காளிதாஸ்' என்னும் படமும் வெளிவந்தன. திரை வாய்திறந்தது, அத்துடன் நாட்டின் நடுவே மொழியென்னும் வேலிகளும் எழுந்தன. முந்திய நாள் வரை இந்தியா முழுமைக்கும் உரியவராயிருந்த நடிகர், மறுநாள் ஏதேனும் ஒரு மொழிக்கு உரியவராக வேண்டியதாயிற்று.

இத்துன்பம் உலகெங்கும் நேர்ந்ததே. அமெரிக்க அகாடமியின் முதலாவது சிறந்த நடிகர் பரிசைப் பெற்ற எமில் ஜானிங்ஸ், தமது ஜெர்மானிய உச்சரிப்பின் காரணமாக அந்நாட்டுப் பேசும்படங்களில் நிலைக்கமாட்டாது தாய்நாடு திரும்பினார். சார்லி சாப்ளினோ, பேசும்படம் வந்த பின்னரும் 1931இல் 'சிட்டி லைட்ஸ்' படத்தையும், 1936இல் 'மாடர்ன் டைம்ஸ்' படத்தையும் பெரும்பாலும் பேச்சின்றியே எடுத்து, 1940இல் தான் முழுமையாகப் பேசும்படத்துக்கு வந்தார். நம் நாட்டில் சுலோசனா, ஹிந்துஸ்தானி பேசப் பழகுவதற்காகச் சிறிது காலம் ஒதுங்கியிருந்து பின்னரே திரும்பி வந்தார்.

ராஜா சாண்டோ மேற்கொண்ட வழி வேறு. நடிப்பை அவர் உடனே கைவிட்டாரல்லர். 1934இல் வந்த 'இந்திரா எம்.ஏ.' என்னும் ஹிந்திப் படத்திலும் சுலோசனாவுடன் தோன்றினார். ஆயினும் தமது பத்தாண்டு அனுபவத்தின் பயனைத் தமிழுக்குக் கொடுப்பதே அவரது பெருந்தொழிலாயிற்று. 1934இல் ஏ. நாராயணனின் ஸ்ரீநிவாஸா சினிடோன் தோன்றும்வரை, சென்னையிற் பேசும்படம் எடுக்கத்தக்க ஸ்டூடியோ இல்லை. தமிழ்ப் படம் எடுப்போர் பம்பாய்க்கும் கல்கத்தாவிற்கும் ரயிலேற வேண்டியிருந்தது. அங்குள்ள தொழிலாளரின் மொழி இவர்களுக்குத் தெரியாது. இவர்களது மொழி அவர்களுக்குத் தெரியாது. இரண்டிடத்தும் பழகிய ஒருவர் எவ்வளவு வேண்டப்பட்டிருப்பார் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

1932இல் 'பாரிஜாத புஷ்பஹரணம்', 1935இல் 'மேனகா', 1936இல் 'வசந்தசேனா', 'சந்திரகாந்தா', 1937இல் 'மைனர் ராஜாமணி', 1939இல் 'திருநீலகண்டர்' என அவர் டைரக்ட் செய்த படங்கள் தொடர்ந்தன. 'மேனகா' வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல், டி. கே. எஸ். சகோதரர்கள் நாடகமாக நடித்துப் புகழ்பெற்ற கதை. புராணங்களே பேசும்படத்தை ஆண்டுகொண்டிருந்த நாளில் வெற்றி பெற்ற சமூகப் படம் அது. பின்னாளிற் கலைவாணர் எனப் போற்றப்பட்ட என். எஸ். கிருஷ்ணனைத் திரைக்குக் கொணர்ந்ததும் அதுவே. 'சந்திரகாந்தா'வில் முதன்முதல் திரையிற் புகழ் கண்ட பி. யு. சின்னப்பாவும் புதுக்கோட்டைக்காரர். 'திருநீலகண்டர்' எம். கே. தியாகராஜ பாகவதரின் படம். இறுதியில் பாகவதரின் 'சிவகவி'யையும் அவரே தொடங்கினார், அதனை எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு முடிக்க, 1943இல் அது வெளிவந்தது. ஐம்பது வயதை எட்டுமுன்னரே ராஜா சாண்டோ கோயமுத்தூரிற் காலமானார். திரைத்தொழிலுக்கு உழைத்தோர்க்குத் தமிழ்நாட்டு அரசினர் வழங்கும் விருதொன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

படங்கள் எங்கே?

இவ்வளவும் படித்த மாணவர், "அவர் நடித்த ஊமைப்படம் ஒன்றைக் காட்டுங்கள்" என்று கேட்பது நியாயமே. அவ்வினாவிற்கு மகிழ்ச்சியான விடை இல்லை. இந்தியாவில் எடுக்கப்பட்ட ஊமைப்படங்கள் 1,300க்கு மேற்பட்டவை. அவற்றுள் முழுமையாகவோ துண்டுகளாகவோ இன்று எஞ்சியவை ஏறக்குறைய 30. பணமும் வசதியும் நிறைந்த அமெரிக்காவிலும் நிலைமை மேலானதன்று. 1912 முதல் 1929 வரை அங்கு வந்த ஏறக்குறைய 11,000 நெடும்படங்களில், முதலில் வெளியான வடிவில் முழுமையாக உள்ளவை நூற்றுக்கு 14 தாம் என்று அந்நாட்டுக் காங்கிரஸ் நூல்நிலையம் 2013இல் வெளியிட்ட ஆராய்ச்சி கூறுகிறது.

காரணம் மூன்று. முதலாவது, அக்காலத்துப் படச்சுருளின் இயல்பு. நைட்ரேட் கலந்த செல்லுலோஸினால் ஆகிய அது, வெடிப்பஞ்சுக்கு உறவுடைய பொருள். பற்றிக்கொண்டால் நீருக்குள்ளும் எரியவல்லது. எரியாவிடினும் வெப்பத்தாலும் ஈரத்தாலும் நாளடைவிற் பிசுபிசுத்துப் பின்னர்த் தூளாகிவிடும். உப்புக்காற்று இரும்பைத் தின்னும் வகையை மண்டபத்தார் நன்கு அறிவர். 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் இரும்புப் பாலத்தை ஆண்டுதோறும் சுரண்டிச் சாயம் பூசியே நூறாண்டு காத்தனர்; 2022இல் அதன்மேல் ரயில் நின்றது; 2025இல் புதுப்பாலம் திறக்கப்பட்டது. இரும்பிற்கே அவ்வளவு காவல் வேண்டுமாயின், கவனிப்பாரற்ற படச்சுருள் நமது சீதோஷ்ணத்தில் எத்தனை நாள் நிற்கும்? இரண்டாவது, சுருளிற் பூசிய வெள்ளி. பழைய படங்களை உருக்கி அவ்வெள்ளியை எடுத்து விற்பது லாபமாயிருந்தது. மூன்றாவதே பெரியது: பேசும்படம் வந்தபின் ஊமைப்படத்தை மதிப்பார் இல்லை. ஓடி முடிந்ததைப் பேணிவைக்க வேண்டும் என்று எண்ணியவர் மிகச் சிலரே.

பூனாவில் தேசிய திரைப்படக் காப்பகம் ஏற்பட்டது 1964இல். தனுஷ்கோடி அழிந்த அதே ஆண்டு. அதற்குள் ஊமைப்படங்களிற் பெரும்பகுதி அழிந்துவிட்டது. தென்னாட்டு ஊமைப்படங்களுள் தப்பிப் பிழைத்ததாக நாம் காணும் 'மார்த்தாண்ட வர்மா'வின் கதை வியப்பானது. நாவலின் பதிப்பாளர் உரிமை கோரி வழக்குத் தொடுத்தமையால் படம் ஓடாது நின்றது. அதன் சுருள்கள் திருவனந்தபுரத்திலே புத்தகக் கம்பெனியாரிடம் அடங்கிக் கிடந்து, 1974இற் காப்பகத்தை அடைந்தன. ஓடிய படங்கள் அழிந்தன. ஓடக்கூடாதெனத் தடுக்கப்பட்ட படம் பிழைத்தது!

எஞ்சியவற்றைக் காண்பதிலும் ஒரு கருத்து வேண்டும். ஊமைப்படங்களைக் கையாற் சுழற்றியே எடுத்தனர். விநாடிக்கு 16 முதல் 20 படங்கள் வரை அவற்றின் வேகம். பேசும்படத்திற்கு 24 என்று நிலைப்படுத்தினர். பழையதைப் புதிய வேகத்தில் ஓட்டினால் மாந்தர் பொம்மைகளைப் போலத் துள்ளுவர். அதைக் கண்டு நகைப்போர், அக்காலத்து நடிகர்க்கு நடிக்கத் தெரியாது என்று எண்ணிவிடுகின்றனர். குற்றம் நடிப்பில் இல்லை. நாம் ஓட்டும் வேகத்தில் உள்ளது.

முடிவுரை

ராஜா சாண்டோவின் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கன இரண்டு. ஒன்று, தம்மை உயர்த்திய கலை தம் கண்முன்னே முடிந்தபோது, அவர் அதற்காக அழுதுகொண்டிராது, அதிற் கற்றதை அடுத்த கலைக்கு மூலதனமாக்கினார். தேகத்தைக் கொண்டு பேசியவர், பின்பு பிறரைப் பேசவைத்தார். மற்றொன்று நம்மைச் சார்ந்தது. ஒருவருடைய உழைப்பைப் போற்றுவதாகக் கூறிக்கொண்டே, அவ்வுழைப்பின் விளைவை அழியவிட்டோம். விருதுக்குப் பெயர் வைத்துவிட்டோம், படத்தைக் காக்கவில்லை.

போனதை மீட்க இயலாது. ஆயினும் நமது வீடுகளிற் பழைய டிரங்குப் பெட்டிகளின் அடியில், படக் கொட்டகையில் ஓரணாவிற்கு விற்ற பாட்டுப் புத்தகங்களும், வண்டியில் மேளமடித்து வீசிய நோட்டீசுகளும், மங்கிய புகைப்படங்களும் இன்னும் கிடக்கக்கூடும். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் அவற்றைத் தேடி எடுத்து, செல்லரியாது காத்து, நமது கலாசாலை நூல்நிலையத்திற்குக் கொணர்வாராக. கூடாரக் கொட்டகையிற் படம் பார்த்த பாட்டன்மாரிடம், எந்த ஊரில் எந்தப் படம் ஓடியது, யார் கதை சொன்னார் என்று அவர்தம் பெரியோர் கூறக் கேட்டவற்றையேனும் கேட்டு எழுதி வைப்பாராக. தனுஷ்கோடியில் நிற்கும் நாலைந்து சுவர்களும் இல்லாதிருப்பின், அங்கே ஓர் ஊர் இருந்தது என்று சொன்னால் நம் பிள்ளைகள் நம்புவார்களா? அச்சுவர்களுள் ஒன்றையேனும் நாம் தாங்கிப்பிடிப்போமாக.